கிழிக்காதே அக்காவும் முப்பத்தாறு தங்கத் தட்டுகளும்

பரிசுப் பொட்டலத்தை நிம்மதியாகப் பிரித்துப் பார்க்கும் உரிமையை சிலாங்கூர் மாநில மக்களிடமிருந்து பறித்த ஒரே மனுஷி எங்கள் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அசாம் ஜாவா பக்கம் ஒருநாள் வாருங்கள். எங்கள் வீட்டு வரிசையில் ஏதாவது ஒரு கேட்டின் முன்னால் நின்று, கையில் ஒரு வண்ணத்தாளை எடுத்து, 'சர்ர்ர்' என்று ஒரே ஒரு கிழி கிழித்துப் பாருங்கள். மூன்றாவது வீட்டுச் சன்னல் படாரென்று திறக்கும். "யாருலா அது? கிழிக்காதே!" என்று ஒரு குரல் வரும். குரல் வந்த கொஞ்ச நேரத்தில் ஆளும் வந்துவிடுவார்.

அவருக்கு அடையாள அட்டையில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அது ஓட்டுப் போடும் நாளில் மட்டும் பயன்படும். மற்ற நாளெல்லாம் அவர் கிழிக்காதே அக்கா. செம்பனை எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டும் அவர் புருஷனே கைப்பேசியில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்.

அக்காவின் தொழில் சீர்த்தட்டு அலங்காரம். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷமானாலும் பழம், பலகாரம், சேலை, வேட்டி எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, சுற்றி, கட்டி, பூ வைத்துக் கொடுப்பார். குவாலா சிலாங்கூரில் தொடங்கி வடக்கே உள்ள எஸ்டேட் வரைக்கும் அவர் கைபடாத தட்டு குறைவு. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அவருடைய கொள்கையைப் பற்றியது. ரிப்பன், தாள், மணி, ஜரிகை எதையும் அவர் கடையில் வாங்க மாட்டார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"கடையில வாங்கி ஒட்டுனா அது கைவேலையா தம்பி? அது டுயிட் வேலை. காசு இருக்கிற எவனும் செய்வான்."

சரி, வாங்க வேண்டாம். அப்படியானால் சாமான் எங்கிருந்து வரும்? நம்மிடமிருந்துதான் வரும்! நம் வீட்டிலிருந்து, நம் கையிலிருந்து, நம் கண்ணெதிரிலேயே வரும்.

முதலில் அடி வாங்கியவன் நான்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கும் வசந்திக்கும் கல்யாணம் முடிந்த மறுநாள், வந்த பரிசுகளை எல்லாம் நடுவீட்டில் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள். ஆசையாக முதல் பொட்டலத்தை எடுத்து ஓரத்தில் விரலை விட்டேன். என் புறங்கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக்காரி என்று அறிமுகமான ஒரு பெண்மணி, கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"கிழிக்காதே தம்பி! ஒட்டிருக்கிற சலோதேப் மேல ஒரு சொட்டு எண்ணெ தடவு. தானா வரும்."

தானாக வந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அரைமணி நேரம் ஆனது. காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தோம். உள்ளே இருந்த பதினொரு சுவர்க்கடிகாரங்களையும் எங்களிடமே பெருந்தன்மையாக விட்டுவிட்டு, தாளையும் ரிப்பனையும் அட்டைப்பெட்டியையும் அவர் வாரிக்கொண்டு போனார். போகிற போக்கில், வசந்தியின் கூறைச்சேலைத் தட்டில் கட்டியிருந்த ரோஸ் ரிப்பனைப் பார்த்துவிட்டார்.

"இது பட்டு ரிப்பன் இல்ல? பொண்ணே, நீயே உன் கையால அவுத்துக் குடு. நல்லது."

வசந்தி அவிழ்த்துக் கொடுத்தாள். அதில் லேசாகக் குங்குமம் வேறு ஒட்டியிருந்தது. வந்து ஒரு நாள் ஆன பெண், ஊர் தெரியாது, ஆள் தெரியாது, கேட்டதும் எடுத்து நீட்டிவிட்டாள். அன்றைக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அனுபவிக்கிறேன்.

அப்புறம் பிள்ளையார் விவகாரம். கல்யாணப் பத்திரிகை எல்லார் வீட்டிலும் சேரும். விசேஷம் முடிந்தால் அதை என்ன செய்வது? மேலே பிள்ளையார் இருக்கிறார், குப்பையில் போட மனசு வராது. பழைய பத்திரிகைகள் சாமி அறை இழுப்பறையில் வருஷக்கணக்காகக் கிடக்கும். நம் சனத்தின் இந்த பயபக்தியை முதலாக வைத்துத் தொழில் நடத்தலாம் என்று உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றுமா? அக்காவுக்குத் தோன்றியது. தாமான் வாட்சாப் குழுவில் வாரா வாரம் தகவல் வரும்: 'பிள்ளையார் இருந்தா குடுங்க. நான் பாத்துக்கறேன்.' சனங்கள் பாவம் தீர்ந்தது என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் வீட்டில் பிஸ்கட் டின்கள் சுவரோடு அடுக்கி இருக்கும். ஒன்றில் வலம்புரிப் பிள்ளையார், ஒன்றில் இடம்புரி, ஒன்றில் மயில், ஒன்றில் குத்துவிளக்கு. எல்லாம் கத்தரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பவுடர் தூவி வைத்திருப்பார். என் கொழுந்தியாள் வளைகாப்புக்குப் போனபோது தட்டின் நடுவில் பளபளவென்று ஒரு பிள்ளையார். எங்கேயோ பார்த்த முகம். உற்றுப் பார்த்தால் என் கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார்! தும்பிக்கைக்குக் கீழே என் பெயரின் கடைசி எழுத்துகூட வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

குடை இன்னொரு கதை. அக்காவின் தங்கச்சி சுங்கை பஞ்சாங்கில் இருக்கிறார். அங்கே வயல்வெளிக் காற்று குடையைத் தலைகீழாகத் திருப்பிவிடும் காற்று. மழை விட்ட மறுநாள் தங்கச்சிக்கு போன் போகும். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க அல்ல. "எத்தன குட உடைஞ்சிச்சி?" என்று கேட்க. உடைந்த குடைகளின் கம்பியை உருவி, வளைத்து, தட்டின் மேல் கோபுரம் மாதிரி நிறுத்துவார். தாள் சுற்றினால் கும்மென்று நிற்கும். கடையில் இதற்கென்றே கம்பிச் சட்டம் விற்கிறார்கள். அக்காவுக்கு அதெல்லாம் டுயிட் வேலை. ஒருமுறை என் குடை நன்றாக இருக்கும்போதே அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றிலிருந்து நான் குடையை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டுகிறேன்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். ஒருமுறை பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் என்னை அறுத்துப் போட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கிறேன். கட்டிலருகே அக்கா. இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, நல்ல மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவோ, ஆபீஸ் நண்பர்கள் வாங்கி வந்திருந்த பழக்கூடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தத் தாளு கனமான தாளு. உனக்குப் பழந்தானே வேணும்?"

"எனக்கு எப்படி இருக்குன்னு கேளுங்கக்கா முதல்ல!"

"இருக்கிறதாலதானே பேசுற. கொஞ்சம் அந்தப் பக்கம் நவுரு, ரிப்பன் முடிச்சு உன் முதுகுக்கு அடியில மாட்டிக்கிச்சி."

தையல் போட்ட வயிற்றோடு நான் நகர்ந்து கொடுத்தேன். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏனென்றால் அக்கா கூலி பேச மாட்டார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடுக்க முடியாதவர்களிடம், "வீட்ல பழைய ரிப்பன் இருந்தா போடு" என்பார். எஸ்டேட் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஐந்து தட்டுக்கே திணறியவர்கள் இருபத்தொரு தட்டோடு மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே அவரைப் பற்றி நான் எங்கே புகார் சொன்னாலும், எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போன வருஷம் என் மகள் துர்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் புக்கிட் பெருந்துங். பையன் தங்கம். நாலு வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் விரும்பிக் காத்திருந்தார்கள். காத்திருந்ததற்குக் காரணம் சம்பந்தியம்மா. கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில் முகூர்த்தம் தப்பித் தாலி கட்டினார்களாம். இரண்டே வருஷத்தில் அந்தக் குடும்பம் பிரிந்துவிட்டது. நேரம் தப்பியதால்தான் என்று அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. நிச்சயத்தன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, பத்தரைக்குள்ள தாலி ஏறணும். ஏறலன்னா அன்னிக்குக் கல்யாணம் வேணாம். வேற நாளு பாப்போம். கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."

துர்காவின் முகம் சின்னதாகிவிட்டது. வேறு நாள் என்றால் மறுபடி எத்தனை வருஷம் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் நான் உஷாரானேன். வீட்டுக்கு வந்ததும் வசந்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இந்தக் கல்யாணத்துக்கு அக்கா வேண்டாம். தட்டு அலங்காரத்துக்கு கிள்ளான்ல ஆளு பாக்குறேன்."

"அக்கா இல்லாம தட்டு கட்டிட்டு, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? நீங்க பின்வாசல் வழியா போவீங்க. நான் துணி காயப் போட வாசலுக்குத்தானே வரணும்?"

பஞ்சாயத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். சாமான் எல்லாம் நான் புதிதாக வாங்கிக் கொடுப்பேன். அக்கா கட்டிக் கொடுக்க வேண்டியது மட்டும்தான். கிள்ளான் போனேன். உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற சலோபேன் தாள், அகல ரிப்பன் ஐந்து சுருள், முத்துச்சரம், ஜரிகைப் பூ என்று இரண்டு பை நிறைய வாங்கிவந்து அக்கா கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி. ரொம்ப நல்ல சாமான்."

நான் நம்பிவிட்டேன். ஐம்பத்தைந்து வயசு ஆகிறது, எனக்கு எங்கே போனது புத்தி?

கல்யாணத்தன்று விடியற்காலை அக்கா வீட்டிலிருந்து தட்டுகள் வந்தன. இருபத்தொரு தட்டு. ஒவ்வொன்றும் முழுக்கத் தங்கநிறத் தாளில் கோபுரமாக நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று துளிகூடத் தெரியவில்லை. கடைசியாக அக்கா வந்தார். கையில் என் இரண்டு பைகள். அன்றைக்கு அவர் பார்த்து முடித்ததும் நான் திரும்பக் கட்டிக் கொடுத்த முடிச்சு அப்படியே இருந்தது.

"இந்தா தம்பி. ரசீது உள்ளேயே இருக்கு. கடைக்காரன் திருப்பி வாங்கிக்குவான்."

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, என் மக கல்யாணங்கா இது! புதுசா ஒரு ரிப்பன் கட்டக்கூடாதா என் புள்ளைக்கு? இந்தத் தாள எங்க பொறுக்குனீங்க?"

"பொறுக்குனனா? புக்கிட் பெருந்துங்ல ஒரு பிஸ்கட் கம்பெனி கழிச்சுப் போட்ட சுருளு. அஞ்சு வருஷமா கட்டிலுக்கு அடியில வச்சி காப்பாத்துறேன். ஒரு சுருக்கம் காட்டு பாப்போம்."

ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் தங்கம். உள்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பிஸ்கட் படம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட ஆத்திரம், தட்டுகள் உண்மையிலேயே அழகாக இருந்தன. துர்கா வந்து பார்த்துவிட்டு, "பா, செம்ம கிராண்ட்டா இருக்குப்பா," என்று அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் புறப்பட்டேன்.

மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. நாதஸ்வரம் முழங்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பதினைந்து பேர் பதினைந்து தட்டோடு வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். உற்றுப் பார்த்தேன். பதினைந்தும் தங்கத்தாள், பதினைந்தும் குடைக்கம்பிக் கோபுரம். நம்முடையதைப் பார்த்து அச்சடித்த மாதிரி இருந்தன.

சம்பந்தியம்மாவும் எங்கள் தட்டுகளைப் பார்த்துவிட்டார். "என்னாண்ணே இது? நாங்க சஸ்பென்சா வச்சிருந்தோம். எங்களப் பாத்துக் காப்பி அடிச்சிட்டீங்களா?"

"நாங்களா? நீங்க யாருகிட்ட குடுத்தீங்க?"

"அசாம் ஜாவால ஒரு அக்கா. நேத்து சாயந்திரம் வீட்டுக்கே வந்து கட்டிட்டுப் போனாங்க. தாலிய நான் கூறைச்சேலைக்கு உள்ள வச்சேன், என் கண்ணு முன்னாலயே சுத்தினாங்க."

நான் திரும்பி அக்காவைத் தேடினேன். வாசல் அலங்கார வளைவின் அருகே நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஏன்கா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே தாளா?"

"ரெண்டு வீடும் ஒரே மேடைலதானே வைக்கப் போறீங்க? எதுக்கு ரெண்டு கலரு? ஒரு சுருளு, சரியா முப்பத்தாறு தட்டு. ஒரு சாண் மிச்சமில்ல, ஒரு சாண் குறையில்ல." அந்த முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் வீட்டுத் தட்டும் மாப்பிள்ளை வீட்டுத் தட்டும் தன் கைக்கே வருகிற ஒரு கல்யாணத்துக்காக அந்தச் சுருளோடு ஐந்து வருஷம் காத்திருந்திருக்கிறார்! நாலு வருஷமாக இந்தச் சம்பந்தத்தை எல்லாரிடமும் அவர் ஏன் அவ்வளவு புகழ்ந்தார் என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்போம். வீடியோக்காரர் வந்தார். "சார், எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்கு, சூப்பர்! பெரிய ஷாட் எடுக்கிறேன்," என்று தன் ஆட்களை விட்டு, முப்பத்தாறையும் மணவறை முன்னால் அரைவட்டமாக மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார். நாங்கள் விருந்தாளிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

மணி பத்து. ஐயர் கையை நீட்டினார். "கூறைச்சேலை கொண்டு வாங்கோ."

சம்பந்தியம்மா நம்பிக்கையாக முன்னால் இருந்த தட்டைத் தூக்கினார். அதில் ரிப்பன் ஒரு தினுசான முடிச்சாகப் போட்டிருந்தது. சலோதேப்பும் காசு என்பதால் அக்கா ஒட்டவே மாட்டார். தாளை மடித்து, ரிப்பனால் இறுக்கிக் கட்டுவார். அந்த முடிச்சு அவருக்குத்தான் அவிழும். நாலு பேர் சேர்ந்து நகத்தால் நோண்டி ஒருவழியாகப் பிரித்தார்கள். உள்ளே அன்னாசிப்பழம். எங்கள் வீட்டு அன்னாசி.

அடுத்தது பிரித்தால் லட்டு. அடுத்தது மாப்பிள்ளைக்கு நாங்கள் வைத்த வேட்டி. அடுத்தது சோப்பும் சீப்பும் பவுடரும். அதற்குள் மணி பத்தேகால். சம்பந்தியம்மா தட்டை விட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்க்கத் தொடங்கினார். மணவறையில் துர்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தார்.

"கத்தி கொண்டாங்கடா!" என்று என் மச்சான் கத்தினான்.

"மணவறைல கத்தியா? வேணாம்! வேணாம்!" என்று சம்பந்தியம்மா அலறினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கையில் இருந்த தட்டைப் பிடித்து, தாளில் விரலை விட்டு, 'சர்ர்ர்' என்று கிழித்தேன். உள்ளே இருந்தது மைசூர்பாகு.

அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கிற மண்டபம். நாதஸ்வரம் ஒரு பக்கம், பிள்ளைகள் சத்தம் ஒரு பக்கம். அந்தக் கடைசியில், வாசல் வளைவில் கட்டியிருந்த ரிப்பனை அப்போதே கழற்றத் தொடங்கியிருந்த அக்காவுக்கு இந்த ஒரு கிழி எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கிழிக்காதே!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவழியில் ஓடி வருகிறார். அறுபது வயசு. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறி, என் கையிலிருந்த கிழிந்த தாளைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"உனக்கு அறிவிருக்கா தம்பி? அவுத்து எடுக்கத் தெரியாது உனக்கு?"

"அக்கா! தாலியைக் காணோங்கா! இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு!"

"காணோமா? என்னா காணோம்? தாலித் தட்டுல உன் கல்யாண ரிப்பன்தான்லா கட்டிருக்கேன். உன் கல்யாண ரிப்பன் உனக்கே தெரியலயா?"

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ரிப்பன் யாருக்கய்யா ஞாபகம் இருக்கும்? நான் வாயைத் திறப்பதற்குள், வசந்தி மேடையின் இடது ஓரத்துக்குப் போய், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளிறிப்போன ரோஸ் ரிப்பன். ஓரத்தில் அந்தக் குங்குமக் கறை.

"நேத்து இவங்க வீட்ல கட்டும்போது நினைச்சேன்," என்றார் அக்கா, யார் முகத்தையும் பார்க்காமல். "தாலி நம்ம புள்ளைக்கு வர்ற தாலி. அவங்கம்மா கையால அவுத்த ரிப்பனே கட்டி வரட்டும்னு."

வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தார். அவிழவில்லை. பழைய பட்டு இறுகிப்போயிருந்தது. நகத்தால் பார்த்தார், கொண்டை ஊசியால் பார்த்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். எண்ணெய் கொண்டுவர ஓடியவன் சமையல்கட்டிலிருந்து திரும்பவில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம்," என்றார். சம்பந்தியம்மா நாற்காலியில் சரிந்து, "வேணாண்ணே, வேற நாளு பாப்போம். என்னால முடியாது," என்று அழத் தொடங்கிவிட்டார்.

துர்கா தலை நிமிர்ந்தாள். "அக்கா," என்றாள், அவ்வளவுதான். அவளும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணில் மை கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கிழிக்காதே அக்கா அவளைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தத் தங்கத்தாளின் மேல் மடிப்பைப் பிடித்தார். அஞ்சு வருஷம் ஒரு சுருக்கம் விழாமல் கட்டிலுக்கடியில் காப்பாற்றிய தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கிழித்தார்.

அறுநூறு பேரில் எங்கள் தாமான்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா வாழ்நாளில் ஒரு தாளைக் கிழித்து யாரும் பார்த்ததில்லை. பிஸ்கட் படங்கள் இரண்டாகப் பிளந்துகொண்டு விழ, நடுவிலிருந்து அரக்கு நிறக் கூறைச்சேலை தெரிந்தது. அதற்குள் தாலிப் பெட்டி.

"போ! போ! கட்டுங்க சீக்கிரம்!" என்று அக்கா அதட்டினார். கையில் இருந்த தாளை அப்படியே மேடையில் விட்டார்.

கூறைச்சேலையை துர்காவின் தோளில் போட்டு, அப்படியே உட்காரவைத்து, பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. சம்பந்தியம்மா எல்லாருக்கும் முன்னால் வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்காவோ, "மிச்சத் தட்ட யாரும் தொடாதீங்க. நானே பிரிக்கிறேன்," என்று எல்லாரையும் மேடையிலிருந்து விரட்டினார். சாயந்திரம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. வசந்திதான் இலையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். ரோஸ் ரிப்பன் மட்டும் முடிச்சு அவிழாமலே தாலிப் பெட்டியோடு புக்கிட் பெருந்துங் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அக்கா என் கேட்டைத் தட்டினார்.

"தம்பி, அன்னிக்கு நான் கிழிச்ச தாளு ரெண்டு துண்டு மேடைல கிடந்திச்சி. எண்ணிப் பாத்தேன், கணக்குல வரல. பின்னால ஒட்டுப் போட்டா ஒரு சின்னத் தட்டுக்கு ஆகும். நீ எடுத்தியா?"

"அது குப்பைக்குப் போயிடுச்சிக்கா. நான்தான் தூக்கிப் போட்டேன்."

அவ்வளவுதான். நடுத்தெருவில் நிற்க வைத்து அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஊதாரி என்றார். ஒரு தாளின் அருமை தெரியாதவன் என்றார். என் பெண்டாட்டி பாவம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். வசந்தி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும்.

அந்த இரண்டு துண்டும் என் அலமாரியில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. இது அச்சாகி வரும் பக்கத்தையும் வெட்டி எதற்காவது ஒட்டும்போது அக்காவின் கண்ணில் இது படலாம். படட்டும். வந்து இன்னும் அரைமணி நேரம் திட்டட்டும். அந்தத் துண்டுகளை மட்டும் தரமாட்டேன்.